எட்டுக் காம்பராவுக்கு ஒரு கூரை

சீத்தாமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேற்கணக்குப் பிரிவில், வரிசை வீடான லயத்தில் காம்பரா எட்டு, அடுப்பு எட்டு, வாய்ச்சண்டைக்கு அளவில்லை. கூரை மட்டும் ஒன்று. லயம் கட்டிய வெள்ளைக்காரன் குடும்பத்தைப் பார்த்துக் கட்டவில்லை, நீளத்தை அளந்து கட்டிவிட்டுப் போனான். ஒரு வீட்டுத் தகரத்தின் ஓரம் பக்கத்து வீட்டுத் தகரத்துக்கு அடியில் போயிருக்கும். தன் தலைக்கு மேலே உள்ளதை மட்டும் மாற்றிக்கொள்கிறேன் என்று ஒருவர் ஏறினால், அடுத்த வீட்டில் படுத்திருப்பவர் நனைவார்.

அதனால் கூரை மாற்றுவதென்றால் எட்டு வீடும் சேர்ந்துதான் மாற்ற வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு. வைகாசிக் காற்று மேற்கே பள்ளத்திலிருந்து ஏறி வந்து அறையும். எனவே கிழக்குக் கோடியில் முதல் தகரத்தைப் போட்டு, ஒன்றின் ஓரத்தில் இன்னொன்றை ஏற்றி மேற்கே வருவார்கள். அப்போதுதான் தகரத்தின் திறந்த ஓரமான வாய் காற்றைப் பார்க்காது. பிரிக்கும்போது மேற்கிலிருந்து பிரிக்க வேண்டும். மேற்குக் கோடிக் காம்பரா மரியரட்ணத்தின் காம்பரா. ஆக, முதலில் திறப்பது அவர் வீடு, கடைசியில் மூடுவதும் அவர் வீடு.

மரியரட்ணம் கவ்வாத்து வெட்டுகிறவர். கிழட்டுத் தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே ஒரே வெட்டில் சாய்க்கிற கை. அந்தக் கைக்குக் கத்தரிக்கோல் சின்னம் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. போன பிரதேச சபைத் தேர்தலுக்குக் கத்தரிக்கோல் கட்சி, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் கூட்டம் போட்டது. பேசியவன் ஜீவராஜ். இந்த மலையில் பிறந்து, ஹட்டனில் காப்புறுதி விற்று, வெள்ளைச் சட்டைக்கு மாறினவன்.

“ஒரு தகரம் மாத்தணும்னா ஒங்களுக்கு எத்தன வாசப்படிங்க? தொரை வீட்டு வாசப்படி, சபை வாசப்படி, கொழும்புல ஒரு வாசப்படி. எதுக்கு? அரசாங்கம்னா அது பாட்டுக்கு ஒரு மூலையில இருக்கணும். ஒங்க தலையில ஏறி உக்காரக் கூடாது. நாங்க வந்தா அனுமதியும் கெடையாது, ஒன்னும் கெடையாது. ஒங்க கூர, ஒங்க தகரம். போடுங்க, நனையாம தூங்குங்க.”

களத்தில் நின்றிருந்த மரியரட்ணத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தான் நினைத்ததை இன்னொருவன் மைக்கில் சொல்லக் கேட்பது சின்னச் சந்தோஷமில்லை. அன்றிலிருந்து மலையில் அவர் பேச்சே அதுதான்.

“கவ்வாத்து வெட்டாத மல எப்புடி இருக்கும்? காடா மண்டிப் போயிக் கெடக்கும். அரசாங்கமும் அப்புடித்தான். வெட்டணும். ஆளக் கொறைக்கணும், வண்டியக் கொறைக்கணும், கையெழுத்தக் கொறைக்கணும்.”

அவர் மனைவி ஞானப்பூவுக்கு இந்தப் பேச்சு ஏறவில்லை. ஒரே மகன் சுஜீவன் உயர்தரம் படித்துவிட்டு ஹட்டனுக்கும் கொழும்புக்குமாக வேலை தேடி அலைந்துகொண்டிருந்தான். கொட்டகலையில் ஜெனிதாவைக் கட்டியிருந்தான். அவள் வயிற்றில் பிள்ளை.

“மத்தக் கட்சிக்காரவுங்க வீடு தேடி வந்து, பயலுக்குச் சபையில வேல போட்டுத் தாரோம்னு சொல்லிட்டுப் போறாங்க. நீங்க என்னடான்னா வேலையே குடுக்க மாட்டோம்னு சொல்றவனுக்குக் கொடி புடிக்கிறீங்க.”

“அதுதான் ஞானப்பூ பெரும. வேல தாரேங்கிறவன் ஆளச் சேக்குறான். அந்த ஆளுக்குச் சம்பளம் யாரு குடுக்கிறது? நாமதான் குடுக்கணும்.”

“எல்லாரும் சேத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. நம்ம புள்ள மட்டும் யோக்கியனா நின்னு என்னத்தக் கண்டான்?”

“நம்ம புள்ளைக்கு வேணும்னு நான் நெனைச்சேன்னா, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு செல்லசாமிக்கிட்டப் போயி ஓட்டுக் கேப்பேன்?”

செல்லசாமி கிழக்குக் கோடிக் காம்பரா. கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றுகிற வேலை. அவர் மகளும் படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவர்கள் வீட்டுக்கும் மற்றக் கட்சி வந்து வேலை பேசியது. மரியரட்ணம் போய் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, குடிக்கக் கொடுத்த சாயத்தண்ணி ஆறும் வரைக்கும் பேசினார். கத்தரிக்கோல் கட்சியில் எவனுக்கும் வேலை கிடையாது, சபைத் தலைவராகிற தவிசாளர் மகனுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது என்று அடித்துச் சொன்னார். செல்லசாமி மற்றக் கட்சிக்காரரைத் திருப்பி அனுப்பினார். எட்டுக் காம்பராவும் கத்தரிக்கோலுக்குப் போட்டது.

ஜீவராஜ் தவிசாளரானான். முதல் நாள் சபைக்கு ஓட்டோவில் போய் இறங்கினான். சபை வாகனம் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த படம் எல்லார் போனிலும் வந்தது. மரியரட்ணம் அந்தப் படத்தை ஞானப்பூவின் மூக்குக்கு நேரே நீட்டினார். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே பார்த்தாள்.

ஜெனிதாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சுஜீவனும் தனக்கு ஹட்டனில் ஒரு போன் கடையில் வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னான். காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஏறுவான், இருட்டுவதற்குள் வந்துவிடுவான். வீட்டில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

தை, மாசியில் மழை விட்டிருந்தது. எட்டு வீட்டுக்காரரும் சேர்த்து வைத்ததைப் போட்டுப் புதுத் தகரம் வாங்கினார்கள். தோட்டத்துத் துரை முகத்தைச் சுளித்துக்கொண்டு சரி என்றார். சபையில் கேட்க வேண்டுமா என்று செல்லசாமி இழுத்தார்.

“யாரையும் கேக்க வேணாம்னுதானே நம்ம ஆட்சி வந்திருக்கு?” என்று மரியரட்ணம் சிரித்தார். “போயிக் கேட்டா ஜீவராஜே கோவிச்சுக்குவான்.”

ஒரு சனிக்கிழமை காலையில் ஏறினார்கள். மேற்குக் கோடியில் முதல் ஆணியைப் பிடுங்கியது மரியரட்ணம். பழைய தகரம் கையில் எடுத்தால் அப்பளமாக உடைந்தது. பெண்கள் கீழே நின்று வாங்கி அடுக்கினார்கள். தவக்காலம் என்று மரியரட்ணம் வீட்டில் இறைச்சி இல்லை. அதனால் பொதுச் சமையலிலும் இறைச்சி போடவில்லை. கிழங்குக் கறி, பருப்பு, கட்டச்சம்பல், பெரிய தாச்சியில் சோறு. காம்பராவுக்குள் வெயில் விழுந்தது. இத்தனை காலத்துப் புகைக்கரி சுவரில் பூசிவிட்டது போலத் தெரிந்தது. குழந்தைகளுக்கு வீட்டுக்குள் நின்று ஆகாயம் பார்ப்பது வேடிக்கையாக இருந்தது. மத்தியானத்துக்குள் எட்டும் திறந்துவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, கிழக்குக் கோடியில் செல்லசாமி வீட்டுக்கு மேலே முதல் புதுத் தகரத்தை ஏற்றப் போனார்கள்.

அப்போதுதான் அந்த வண்டி வந்தது. புத்தம் புது டபுள் கேப். கதவில் ‘அரசு சுருங்கட்டும், சனம் நிமிரட்டும்’ என்று எழுதி, பக்கத்தில் கத்தரிக்கோல். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன் இறங்கினான். பெயர் நிரஞ்சன் என்றும், சபையின் அனுமதி ஒழிப்புப் பிரிவு இணைப்பாளர் என்றும் சொன்னான்.

“யாரக் கேட்டு வேல நடக்குது?”

“யாரையும் கேக்க வேணாம்னு சொல்லித்தானே தம்பி ஓட்டு வாங்குனீங்க” என்றார் மரியரட்ணம், கூரை மரத்தில் உட்கார்ந்தபடி.

“அது சரிதாங்க. அனுமதிங்கிறதே இப்பக் கெடையாது, ஒழிச்சாச்சு. ஆனா இந்த வேலைக்கு அனுமதி தேவையில்லைன்னு எங்க பிரிவுல ஒரு சான்று எடுக்கணும். அது இல்லாம தகரம் ஏத்த ஏலாது.”

செல்லசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அனுமதி வேணாங்கிறதுக்கு அனுமதியா?”

“அனுமதி இல்லங்க. சான்று.”

“எப்பக் கெடைக்கும்?”

“ஆளுங்க வந்து பாக்கணும். பாத்து, குழுவுக்குப் போகணும். குழு இன்னும் பூராவா போடல. எங்க உதவி இணைப்பாளர் ஒங்களுக்கு வெளங்கப்படுத்துவார்.”

வண்டியின் பின்கதவு திறந்தது. இறங்க மனமில்லாதவன் போல ஒருவன் இறங்கினான். இஸ்திரி போட்ட சட்டை. கழுத்தில் நாடாவில் தொங்குகிற அட்டை. சுஜீவன்.

சோற்றுத் தாச்சியைக் கழுவிக்கொண்டிருந்த ஞானப்பூ அப்படியே நின்றாள்.

“எறங்குங்கப்பா” என்றான் சுஜீவன், மேலே பார்க்காமல்.

“கழுத்துல என்னடா அது?”

“ரெண்டு மாசமா... சொல்லணும்னுதான் இருந்தேன். எறங்குங்கப்பா, எல்லாரும் பாக்குறாங்க.”

“போன் கடை?”

அவன் கழுத்து அட்டையைச் சட்டைப் பைக்குள் தள்ளினான். மரியரட்ணத்துக்குக் கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். ஊருக்கு முன்னால் வேட்டி அவிழ்ந்ததைப் போல, மேலேயே கால் கூசியது. மெதுவாக இறங்கினார்.

வண்டி போன பிறகு செல்லசாமி பேசினார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“எம் மகளுக்கு வேல தாரேன்னு வந்தவன ஒங்க பேச்சக் கேட்டுத் திருப்பி அனுப்புனேண்ணே. எவனுக்கும் வேல இல்லன்னு எங்க இஸ்தோப்புல உக்காந்து சொன்னது நீங்கதானே?”

“மாதா மேல சத்தியமா எனக்குத் தெரியாது செல்லசாமி.”

“ஒரே காம்பராவுக்குள்ள ஒரே பானையில சோறு திங்கிறீங்க. தெரியாதுன்னா நம்புறதுக்கு எங்களுக்கென்ன கேனப் பைத்தியமா?” உடைந்து கிடந்த பழைய தகரத்தைக் காலால் தள்ளினார். “கவ்வாத்து கவ்வாத்துன்னு சொன்னீங்களே. நாம எதுக்குண்ணே கவ்வாத்து வெட்டுறோம்? செடி சின்னதாப் போறதுக்கா? வெட்டுனா ரெட்டிப்பாத் துளிர்விடும்னுதானே வெட்டுறோம். ஒங்க கையால எத்தன மல வெட்டியிருக்கீங்க, இது ஒங்களுக்கே தோணலையா?”

தோணவில்லை. அதுதான் உண்மை. செடிக்கு ஒரு நியாயம், கட்சிக்கு ஒரு நியாயம் என்று எப்படி நினைத்தோம் என்று மரியரட்ணத்துக்கே விளங்கவில்லை.

கூரையில்லாத லயத்தில் குழந்தை குட்டிகளை வைத்திருக்க முடியாது. வேலை நேரத்தில் குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவின் நீளமான தரையில் எட்டுக் குடும்பமும் பாய் போட்டது. ஜெனிதா குழந்தையை ஒரு மூலையில் போட்டுக்கொண்டாள். மற்றப் பெண்கள் அந்த மூலைக்குக் கொஞ்சம் தள்ளியே படுத்தார்கள். காலையில் எல்லாரும் லயத்துக்குப் போய், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றுகிற படங்கைக் கட்டி மறைத்த அடுப்பில் ரொட்டி சுட்டுவிட்டு மலைக்குப் போனார்கள். பங்குனி பிறந்தது. மத்தியானத்துக்குப் பிறகு மேகம் கறுத்துக்கொண்டு வர ஆரம்பித்தது. ஜெனிதாவின் குழந்தைக்குச் சளி பிடித்து நெஞ்சு கர்கரென்றது.

“நம்ம காம்பராவ மட்டும் மூடிக்குவோம்பா” என்றான் சுஜீவன். “நான் நிரஞ்சன்கிட்டப் பேசிட்டேன். நமக்கு மட்டும்னா நாளைக்கே சான்று.”

மரியரட்ணம் அவனோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

சபைக் கட்டடம் அவர் கண்ட பழைய கட்டடமாக இல்லை. நடுக்கூடத்தைப் பலகை அடித்துக் காம்பரா காம்பராவாகப் பிரித்திருந்தார்கள், லயத்தைப் போலத்தான். ஒவ்வொரு கதவிலும் ஒரு பெயர்ப்பலகை. செலவுக் குறைப்பு ஆலோசகர். ஆளணிச் சுருக்க இணைப்பாளர். வாகனக் குறைப்புப் பொறுப்பாளர். இந்தக் கடைசிக் கதவுக்கு வெளியே இரண்டு சாரதிகள் பெஞ்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்தலுக்கு அவரோடு போஸ்டர் ஒட்டின பையன்கள் எல்லாரும் இருந்தார்கள். எல்லாரும் அவரைப் பார்த்து எழுந்து வணக்கம் வைத்தார்கள், யாரும் உள்ளே அனுப்பவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஜீவராஜ் கூப்பிட்டான்.

“வாங்கண்ணே, உக்காருங்க. டீ குடிக்கிறீங்களா?”

“வேணாங்க. கூர தொறந்து கெடக்கு.”

“கேள்விப்பட்டேன். அதுக்குத்தான் அந்தப் பிரிவையே தொடங்கினது. சனத்துக்கு அனுமதிக் கரச்சல் இருக்கக்கூடாதுன்னு.”

“பிரிவு இல்லாட்டியே கரச்சல் இல்லையேங்க.”

ஜீவராஜ் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. அவனுக்கு அவரைப் பிடிக்கும். “அண்ணே, சின்ன அரசாங்கம்னா ஆளே இல்லாத அரசாங்கமா? இம்புட்டுப் பெரிசா வளந்து கெடக்கறதச் சின்னதாக்கணும்னா அதுக்கு ஆள் வேணும்ல.”

“முன்னயெல்லாம் இந்தக் கூர வேலைக்கு ஒரு கிளாக்கர் இருந்தாரு. போனா மொறைப்பாரு, இழுத்தடிப்பாரு, ஆனா ஒரே ஆளு. அவரு இப்ப இல்லீங்களா?”

“அவர நிப்பாட்ட ஏலாதே. அரசாங்க உத்தியோகம்.”

“அப்ப அவரும் இருக்காரு, இவுங்களும் இருக்காங்க.”

“நம்ம பயலுங்கண்ணே. மழையில நனஞ்சுக்கிட்டு ஒழைச்சவனுங்க. ஜெயிச்ச பொறவு போங்கடான்னா எங்க போவானுங்க? ஒங்க மகன் உட்பட.”

“நான் கேட்டேனாங்க?”

“நீங்க கேக்கல. அவன் கேட்டான்.” ஜீவராஜ் மேசையில் விரலால் தட்டினான். “ஓட்டுக்கு முன்னயே கேட்டுட்டான். கேட்டதுக்குப் பொறவுதான் கூட்டத்துக்கெல்லாம் வந்தான்.”

மரியரட்ணம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்துக்குக் கூட்டம் மகன் தன் பக்கத்தில் நின்று கைதட்டியதை எண்ணி எத்தனை தரம் பெருமைப்பட்டிருக்கிறார்.

“ஒங்க காம்பராவுக்கு இன்னிக்கே சான்று தாரேன். கட்சிக்காரர் வீடு, பேச்சில்ல.”

“மத்த ஏழு?”

“பாப்போம். செல்லசாமியெல்லாம் எந்தப் பக்கம்னு எங்களுக்குத் தெரியாதா?”

“அவன் ஒங்களுக்குத்தான் போட்டான். என் பேச்ச நம்பிப் போட்டான்.”

“அப்புடின்னு அவன் சொல்லுவான்.”

“எங்க கூர ஒன்னுதாங்க. குடுக்கிறதுன்னா எட்டுக்கும் குடுங்க, இல்லாட்டி எனக்கும் வேணாம்.”

பஸ்ஸில் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. இடியும் மின்னலுமாக, பங்குனிக்குரிய மழை. கொழுந்தை எடை போட்டுவிட்டுப் பெண்கள் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவர் குடையை விரிக்காமல் மேற்கணக்குக்கு ஏறினார். வளைவு திரும்பியதும் லயம் தெரிந்தது. ஏழு காம்பரா திறந்து கிடந்தது. மேற்குக் கோடி மட்டும் பளபளவென்று மூடியிருந்தது.

சபை வண்டி நின்றது. சபை ஆட்கள் மூன்று பேர் வேலைச் சாமான்களை அதில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வீட்டுக்கும் பொதுவில் வாங்கிய தகரத்தில் எடுத்து அவர் வீட்டுக்கு மட்டும் அடித்திருந்தார்கள். தகரத்தின் கிழக்கு ஓரத்தை மரத்தோடு சேர்த்து இறுக்கியிருந்தார்கள். இனி அதற்கு அடியில் ஒன்றும் போகாது, பக்கத்துத் தகரம் அதன் மேல்தான் ஏற வேண்டும். ஏறினால் வாய் மேற்கே பார்க்கும். வைகாசியில் காற்று அந்த வாயில் புகுந்து ஏழு வீட்டையும் தூக்கும். இஸ்தோப்பில் ஜெனிதாவைக் குழந்தையோடு நிற்க வைத்து நிரஞ்சன் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சுஜீவன் பக்கத்தில் நின்றான்.

கொஞ்சம் தள்ளி, நனைந்தபடி லயத்துச் சனம்.

“ஞானப்பூ, நீ பாத்துக்கிட்டா இருந்த?”

“புள்ளைக்கு நெஞ்சு அடைக்குதுங்க.” அவள் குரல் உடைந்தது. “வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. வேலையாவது கெடைச்சுதேன்னு ஒரு பக்கம் சந்தோசமாக்கூட இருந்துச்சு. இவுங்க மூஞ்சியெல்லாம் பாக்குறப்ப செத்துப் போகலாம் போல இருக்கு.”

மரியரட்ணம் ஏணியை எடுத்துச் சுவரில் சாய்த்தார்.

“ஈரத்துல ஏறாதீங்கப்பா” என்றான் சுஜீவன்.

அவர் ஏறினார். ஆணி பிடுங்குகிற கம்பியை முதல் தகரத்தில் கொடுத்து நெம்பினார். சத்தம் கேட்டு நிரஞ்சன் ஓடி வந்து, சான்று கொடுத்த கூரையைப் பிரிக்க வேண்டுமானால் அதற்கும் ஒரு சான்று வேண்டும் என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஞானப்பூ கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளிடம் கையை நீட்டினாள். “புள்ளயத் தா ஜெனிதா. பிள்ளைக்காம்பராவுக்குப் போவோம். அந்த மனுசன் பூராவும் கழட்டாம எறங்க மாட்டாரு.”

ஜெனிதா புருஷனைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள். குழந்தையைப் போர்த்திக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே நடந்தாள்.

முதல் தகரம் கழன்றது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மரியரட்ணம் கீழே பார்த்தார். வாங்க ஆள் இல்லை. மழை அவர் வீட்டுக்குள், அடுப்பில், மாதா படத்தில் விழுந்துகொண்டிருந்தது.

செல்லசாமி வந்தார். முகத்தில் சிநேகம் இல்லை. கையை மட்டும் நீட்டினார்.

“விடுங்க. என் வீட்டுப் பக்கம் கொண்டு போறேன். அங்கயிருந்துதானே போடணும்.”

அவர் வாங்கியதும் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மேற்குக் கோடியில் கழன்ற தகரம் ஒவ்வொன்றாகக் கிழக்குக் கோடிக்குப் போனது. எல்லாம் போன பிறகு மரியரட்ணம் கூரை மரத்தின் மேலேயே நடந்து மறு கோடிக்குப் போய், செல்லசாமியின் அடுப்புக்கு மேலே முதல் தகரத்தை வைத்து ஆணியை வாயிலிருந்து எடுத்தார்.

கீழே நிரஞ்சன் சுஜீவனின் தோளைத் தொட்டு என்னவோ சொன்னான். சுஜீவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். நிரஞ்சன் மறுபடி சொன்னான். சுஜீவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, மழை படாமல் ஒரு கையால் மறைத்து, கூரைக்கு நேரே பிடித்தான். சான்றில்லாத வேலையைப் படம் எடுத்து அனுப்புவது உதவி இணைப்பாளர் பொறுப்பு.

மரியரட்ணம் சுத்தியலை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். அத்தனை நாளைக்குப் பிறகு மகனோடு பேசினார்.

“மூஞ்சி தெரியுதா?”

“தெரியுதுப்பா.”

“அப்ப எடு.”